மூன்றே கால் மணி

கைரவானில் இதற்கும் கல்யாணம் என்றுதான் பெயர்.
ஐந்து வயது மாப்பிள்ளை.
சிவப்புத் தொப்பி, ஜரிகை அங்கி,
உள்ளங்கையில் மருதாணி காயக் காய
மேஜைக்கடியில் கார் உருட்டிக்கொண்டிருக்கிறான்
என் மகன் ஸுஹைர்.
மருத்துவர் வருவது நாலு மணிக்கு.
அதுவரை பேச்சு.

முற்றத்தில் காப்பி மூன்றாம் முறை பொங்கிவிட்டது.
தம்மாமிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் ஷாத்லி,
என் நாத்தனார் கணவர், சொல்கிறார்:
"இரண்டு, மூன்று, நான்கு. எண்ணே சொல்லியாயிற்று.
எண்ணுக்கு ஏது வியாக்கியானம்?
படைத்தவன் திறந்த கதவை
அரசாங்கம் பூட்டுகிறது."

என் கொழுந்தன் முன்ஜி பள்ளிக்கூட வாத்தியார்.
சர்க்கரைக் கட்டியைக் கடித்தபடி:
"அதே ஆயத்தை முழுசாக ஓதுங்கள் மச்சான்.
நீதி செய்ய முடியாதென்று அஞ்சினால் ஒருத்தி.
அதே சூராவில் கொஞ்சம் தள்ளி,
எவ்வளவு விரும்பினாலும் உங்களால் முடியாது என்று.
கதவைத் திறந்தவனே
நிலைப்படியில் தலை இடிக்கும் என்றும் சொல்லிவிட்டான்."

"அப்படி வா வழிக்கு.
இன்று சாயங்காலம் நடக்கப்போவது எந்த ஆயத்தில்?
முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டு.
மனிதனை அழகிய அமைப்பில் படைத்தோம் என்றுதான் இருக்கும்."

"ஹதீஸில் இருக்கிறதே" என்றான் முன்ஜி,
சற்றுமுன் ஷாத்லி உட்கார்ந்திருந்த இடத்தில்
இப்போது தான் உட்கார்ந்திருப்பது தெரியாமல்.
"இப்ராஹீம் நபிக்கு எண்பது வயதில்..."

மேஜைக்கடியிலிருந்து ஒரு சிவப்புத் தொப்பி எழுந்தது.
"எண்பதா சித்தப்பா?
அப்ப எனக்கு இன்னும் நாள் இருக்கு."

புறாக்கள் கலையும்படி சிரித்தார்கள்.
நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசை.
சிரித்தேன்.

ஆவணக் காப்பகத்தில் எழுத்தர் நான்.
பூச்சி அரித்த நிக்காஹ் பத்திரங்களைப் படியெடுப்பது வேலை.
சட்டம் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே
இந்த ஊர்ப் பெண்கள் எழுதி வாங்கியிருக்கிறார்கள்:
இவள்மேல் இன்னொருத்தியை மணந்தால்
இவள் விஷயம் இவள் கையில்.
காஜி முத்திரை. இரண்டு சாட்சி. மஹர் இத்தனை தினார்.
ஆயத்தோடு யாரும் சண்டை போடவில்லை,
மாப்பிள்ளையோடு போட்டார்கள்.

இதை நான் சொல்லியிருக்கலாம்.
தட்டில் எட்டுக் கோப்பை, இரண்டு கையும் நிறைந்திருந்தது.

மகன்களுக்கு அப்படியொரு பத்திரத்தை
எந்தப் பெட்டியிலும் நான் பார்த்ததில்லை.

அடுக்களையில் நசீஹா, ஷாத்லியின் மனைவி,
மண் ஜாடியில் பாதாமும் மிட்டாயும் நிரப்பினாள்.
பிள்ளை அலறும் நொடியில் அதை உடைக்க வேண்டும்,
சத்தம் அலறலை மூட. அது எங்கள் வழக்கம்.
வெள்ளிதோறும் அவள் புருஷன் போனில்
ஒரு தம்மாம் எண் ஒளிர்வது அவளுக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

முற்றத்தில் அவர் குரல்:
"நீதி என்றால் சோறும் துணியும் சமமாகத் தருவது.
மனசை யாராலும் பங்கு போட முடியாது.
அல்லாஹ் அதைக் கேட்கவும் இல்லை."

ஜாடி உடைந்தது.
மணி மூன்றே கால்.

கை தவறிவிட்டது என்றாள் நசீஹா.
பிள்ளைகள் மிட்டாய்க்கு ஓடி வந்தார்கள்.
முற்றத்தில் பேச்சில்லை. அவள் தம்பி முன்ஜிகூட
கோப்பையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலு மணிக்கு வேறு ஜாடி கிடைக்கவில்லை.
மரத்துப்போக ஊசி போட்டார்கள்.
அந்த ஊசிக்கே அலறினான் ஸுஹைர்,
தெருமுனை ரொட்டிக்கடைவரை, மூடுவாரில்லாமல்.
தோளைப் பிடித்திருந்தவை என் கைகள்.
படிவத்தில் கையெழுத்தும் என்னுடையது.
நம்பித்தான் போட்டேன்.
எதை என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இரவு, அடுக்களைத் தரையில்
ஓட்டுச் சில்லுகளுக்கு நடுவே பாதாம் பொறுக்கினோம்.
"அந்தப் பழைய பத்திரங்களில்
வாசகம் சரியாக என்ன?" என்றாள் நசீஹா.
சொன்னேன்.
ஒரு பாதாமை மண் போக ஊதி
வாயில் போட்டுக்கொண்டு,
"இன்னொரு தடவை சொல்.
மெதுவாக" என்றாள்.